ஷோகேஸ்ல இருக்கிற டீ பாட், சந்தைக்குப் போறது எப்போ?

இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. நடுவில் வந்த "ம்ம்", "அதாவது", பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷின் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். மற்றபடி பேசியது பேசியபடியே.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கீங்களா? பழைய டிரங்க் ரோட்டில் வாராவாரம் கூடுகிற சந்தை. செடி, புறா, கருவாடு, கட்டில், செகண்ட் ஹேண்ட் போன், யாரோ கழட்டிப் போட்ட லேப்டாப்பின் மதர்போர்டு, எல்லாம் கிடைக்கும். எனக்குப் பிடித்தது பழைய சாமான் வரிசைதான். தார்ப்பாய் மேல் பித்தளை விளக்கு, நின்றுபோன சுவர்க்கடிகாரம், மூடி இல்லாத பீங்கான் டீ பாட், அதற்குப் பக்கத்தில் யாரோ இரண்டு பேருடைய கல்யாண போட்டோ, சட்டத்தோடு. அந்த போட்டோவை வாங்குகிறவர்கள் சட்டத்துக்காகத்தான் வாங்குகிறார்கள்.

அந்தக் கல்யாண போட்டோ ஒரு காலத்தில் ஒரு வீட்டு ஹாலில், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருந்திருக்கும். அது தார்ப்பாய்க்கு வர வறுமை வேண்டியதில்லை, சண்டை வேண்டியதில்லை. அதில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்த கடைசி ஆள் போய்ச் சேர்ந்தால் போதும்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கு. எங்கள் வீட்டை பில்டரிடம் கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். ஹாலில் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஷோகேஸ் உண்டு, கண்ணாடிக் கதவு தள்ளுகிற மாதிரி. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, சங்கு ஒட்டிய கன்னியாகுமரி கண்ணாடி, பள்ளிக்கூட ஷீல்டு, உள்ளே வைத்துப் பூட்டிய யானைகள். வரப்போகிற புது ஃபிளாட்டின் வரைபடத்தில் ஷோகேஸ் கிடையாது, டிவி யூனிட்தான் இருக்கு. அம்மா மூன்று அட்டைப்பெட்டி எடுத்து வைத்தார். ஒன்று நமக்கு, ஒன்று யாருக்காவது, ஒன்று வெள்ளிக்கிழமைக்கு. எல்லாம் மளமளவென்று பிரிந்தது. ஒரே ஒரு பொருள் மட்டும் இரண்டு வாரமாகப் பெட்டி மாறிக்கொண்டே இருந்தது. ஒரு டீ பாட்.

டீ பாட் என்பது தமிழ் வீட்டில் வேலையே இல்லாத பாத்திரம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இலைத் தேயிலையில் வெந்நீர் ஊற்றி, மூடி, சில நிமிஷம் ஊறவிட்டு வார்ப்பதற்காகச் செய்தது அது. நாமோ டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற்றிக் குடிக்கிற ஆட்கள். பித்தளைக் குடத்தைக் குடையோ பூவோ வைக்கவாவது பயன்படுத்தலாம். டீ பாட்டுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்குள் பீரோவின் உபரிச் சாவி, இரண்டு ஊக்கு, செல்லாத 25 பைசாக்கள் கிடந்தன. அது ஷோகேஸில் நிற்பதற்கு ஒரே காரணம் அதன் கதை. கதை போனால், அடுத்த நிமிஷமே அது சாமான்.

பல்லாவரம் சந்தையில் டீ பாட் அடிக்கடி கண்ணில் படுவதற்கும் ஒரு பின்னணி இருக்கு. பல்லாவரமும் பரங்கிமலையும் கன்டோன்மென்ட் ஊர்கள். இங்கே 'வெட்டரன் லைன்ஸ்' என்றே ஒரு பகுதி உண்டு. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக இருந்த இடங்கள் இவை. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் நிறையப் பேர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். கப்பலில் டீ செட் எடுத்துப் போவது லேசில்லை. இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாம். பர்மாவிலும் மலாயாவிலும் வியாபாரம் செய்த நகரத்தார் வீட்டு எனாமல் தூக்குகளும் ஐரோப்பியப் பீங்கான்களும் அங்கே கடை கடையாக அடுக்கியிருக்கு. அழகான பொருட்கள்தான். எந்த ஆச்சி வீட்டு அடுக்களையில் இருந்தது என்று கடைக்காரரிடம் கேட்டால் மட்டும் பதில் வராது.

எங்கள் டீ பாட் வெட்டரன் லைன்ஸ் வழியாக வந்ததல்ல. இலங்கையிலிருந்து வந்தது.

அப்பாவின் குடும்பம் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை என்ன செய்வது என்பதைத் தள்ளி வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். நான் வேலையில் டேட்டாபேஸ் பிரிக்கிறவன். ஆட்களை இப்படி வட்ட எண்ணில் பிரித்ததைப் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்குது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில், இன்றைக்கு டான்டீ என்று சொல்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. எங்கள் தாத்தா 1973இல் வந்து, யாரோ சொன்னதை நம்பி, நாகல்கேணியில் தோல் பதனிடும் வேலைக்குச் சேர்ந்தார். அப்படித்தான் நாங்கள் பல்லாவரத்துக்காரர்கள் ஆனோம்.

இந்தப் பயணம் முழுக்கக் கூட வந்தது டீ பாட். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "கேத்தல்".

கதைக்கு வருவதற்கு முன் ஒரு சின்னச் சுற்று. நம் ஊர் இந்தப் பிரச்சினைக்கு ஏற்கெனவே ஒரு தீர்வு கண்டுபிடிச்சிருக்கு. எவர்சில்வர் குடமோ சம்புடமோ வாங்கினால் பாத்திரக்கடையில் என்ன கேட்பார்கள்? "பேர் வெட்டணுமா?" சின்ன மெஷின் ஒன்று கிர்ர்ரென்று ஓடும். இன்ஷியல், பெயர், தேதி, சில சமயம் 'அன்பளிப்பு' என்று கொடுத்தவர் பெயர். யாருடையது, யார் கொடுத்தது, எப்போது, எந்த விசேஷம். சாஃப்ட்வேர்க்காரர்கள் இதற்கு 'மெட்டாடேட்டா' என்று பெயர் வைத்து மீட்டிங் போடுகிறோம். மொய் நோட்டில் இருக்க வேண்டிய விவரம் பொருளின் மேலேயே இருக்கு. பந்திக்குக் கடன் கொடுத்த அண்டா மாறிப்போகாமல் திரும்பி வர வேண்டும் என்பதுதான் முதல் நோக்கமாக இருந்திருக்கும். ஆனால் எடைக்குப் போட்ட குவியலில்கூட அந்த அண்டா தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பீங்கானில் பேர் வெட்ட முடியாது. வெட்டினால் உடையும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் செய்தவர்களுடைய முத்திரை இருக்கும், வைத்திருந்தவர்களுடையது இருக்காது.

அந்த முத்திரையிலும் படிக்க விஷயம் உண்டு. 1890இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் கொண்டுவந்தது. இறக்குமதியாகிற பொருளில் அது எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும். 1891இலிருந்து அமல். அமெரிக்கா பெரிய சந்தை என்பதால், அதன் பிறகு செய்த பீங்கான்களில் நாட்டின் பெயர் பரவலாக வர ஆரம்பித்தது. ஜப்பான்காரர்கள் முதலில் 'நிப்பான்' என்று போட்டார்கள். 1921இல் அது ஆங்கிலச் சொல் இல்லை என்று அமெரிக்கச் சுங்கத்துறை மறுக்க, 'ஜப்பான்' ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆக்கிரமிப்புக் காலத்தில் 1952 வரை 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்றுகூட ஒரு முத்திரை வந்தது. உங்கள் வீட்டுக் கோப்பையின் அடியில் அது இருந்தால், ஒரு நாடு தோற்று நின்ற சில வருஷங்களை நீங்கள் கையில் பிடித்திருக்கிறீர்கள்.

எங்கள் கேத்தலின் அடியில் அழிந்துபோன ஒரு கிரீடமும் 'மேட் இன் இங்கிலாந்து' என்ற வரியும் இருக்கு. எங்கள் அத்தை அதை "இருநூறு வருஷத்துப் பொருள்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். முத்திரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாசகத்தோடு வருகிறவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுப் பொருட்கள். அது அசல் போர்சலினும் கிடையாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போன் டார்ச்சை உள்ளே வைத்தால் போர்சலின் சுவர் வழியாக வெளிச்சம் மங்கலாகத் தெரியும். எங்களுடையதில் இருட்டுதான், மேலே வெள்ளை மெருகு பூசிய சுட்ட மண். அத்தைக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முத்திரை இவ்வளவுதான் சொல்லும். எங்கே செய்தது, ஏறத்தாழ எப்போது. எங்களிடம் எப்படி வந்தது என்பதை அது சொல்லாது. பொருளைவிட அது வந்த வழிதான் முக்கியம் என்பதற்கு உலகத்தரமான உதாரணம் ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கு. 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற நிலவியலாளர் பல்லாவரத்தில் செம்புரைச் சரளை தோண்டிய ஒரு பள்ளத்தில் குவார்ட்சைட் கல் ஒன்றை எடுத்தார். அப்போது அவருக்கு 28 வயது, என் வயசு! அது மனிதக் கை செதுக்கிய கோடரி என்று அடையாளம் கண்டார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கல்லை மட்டும் எடுத்து வெள்ளிக்கிழமை சந்தையில் தார்ப்பாய் மேல் வைத்தால் என்ன விலை போகும்? பேப்பர் வெயிட் விலை. எந்த ஊர், எந்த நாள், எந்த மண் அடுக்கு என்று எழுதி வைத்ததால்தான் அது வரலாறு ஆனது. ஃபூட் வாழ்நாள் முழுக்க இப்படிச் சேர்த்ததை 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. அவர் 1912இல் இறந்த பிறகு, எந்தப் பொருள் எந்த ஊரில் கிடைத்தது என்று வரிசை எண்ணோடு சொல்லும் விவர அட்டவணை 1914இல் அச்சில் வந்தது. அவர் இல்லாமலும் அந்தக் கற்கள் பேசும். சும்மா வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

சரி, கேத்தல்.

குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தாத்தா தோட்டத்தில் உழைத்த உழைப்பைப் பார்த்து, தொரை நாட்டை விட்டுப் போகும்போது தொரைசாணி தன் கையால் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது. நான் நாலாவது படிக்கும்போது பள்ளியில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தாத்தா இல்லை. இதைப் பற்றிக் கேட்க மீதி இருப்பவர் அப்பாயி மட்டும்தான், அப்பாவின் அம்மா. எண்பது தாண்டிவிட்டது. சில நாள் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் ஆனால் குழம்பும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்ததும் போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு கேத்தலை மடியில் வைத்தேன்.

இந்த இடத்தில் உங்களுக்கு உபயோகமாக ஒன்று. "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டால் ஒன்றும் வராது. எனக்கு வந்த பதில்: "என்னத்தச் சொல்ல, கேத்தலு." கேள்வி சின்னதாகவும் கையால் தொடுகிற மாதிரியும் இருக்கணும். "லயத்துல இதை எங்க வச்சிருந்த?" என்று கேட்டேன். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. "அரிசிப் பானைக்குப் பின்னாடி" என்றார். "ஏன் பின்னாடி?" என்றேன். "ஒங்க தாத்தா பாத்தா வையும்." அங்கிருந்து நாற்பது நிமிஷம் நிற்கவே இல்லை.

அப்பாயி சொன்னது இது. தொரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சாமானை வராந்தாவில் பரப்பி விற்றார்கள். கணக்கப்பிள்ளை வீட்டார் நாற்காலி வாங்கினார்கள். அப்பாயி சீட்டுப் பணம் எடுத்துப் போய் பதினாலு ரூபாய்க்கு இந்தக் கேத்தலை வாங்கினார். அப்போது அது நாலைந்து நாள் பேர். தோட்டத்தில் ஒரு நாள் கூலிக் கணக்குக்கு 'பேர்' என்றுதான் சொல்வார்கள். தாத்தாவிடம் சொல்லவில்லை. கப்பலுக்கு மூட்டை கட்டும்போதுதான் அவருக்கே தெரியும். "யாரும் சும்மா குடுக்கல தம்பி. காசு குடுத்துத்தான் வாங்குனேன்."

சாயத்தண்ணி குடிக்கிற வீட்டுக்கு இது எதுக்கு அப்பாயி என்று கேட்டேன். சாயத்தண்ணி என்றால் பால் சேர்க்காத கறுப்புத் தேநீர். கொஞ்ச நேரம் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். "நான் பறிச்ச கொழுந்தத்தான அதுல ஊத்திக் குடிச்சாங்க. ஒன்னு நம்ம வீட்டுலயும் இருக்கட்டுமேன்னு."

இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பரிசுக் கதை மேல் மரியாதை போய்விட்டது. அத்தைக்கு ஆடியோவை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அம்மாவுக்கு இப்ப ஞாபகம் சரியில்லடா. தொரைசாணி துணியில சுத்திக் குடுத்தத நான் கண்ணால பாத்தேன். எனக்கு அப்ப ஒம்பது வயசு. பிஸ்கட்டும் குடுத்தாங்க." இரண்டு பேருமே நேரில் பார்த்த சாட்சி! விற்பனை நாளன்றுகூடத் தொரைசாணி துணியில் சுற்றிக் கொடுத்திருக்கலாம். ஒன்பது வயசுப் பெண் கண்ணில் பட்டது கையிலிருந்து கைக்கு மாறிய ஒரு துணிச் சுருள். காசு அவள் பார்க்காதபோது கைமாறியிருக்கலாம். அப்பாயி பக்கம் சாய்வதற்கு எனக்கு ஆசைதான், அத்தையிடமும் அதைச் சொன்னேன். ஆனால் அத்தையின் கதையை அழிக்கிற உரிமை எனக்கு இல்லை. கோடு எழுதுகிறவர்களுக்கு 'கிட்' தெரியும். பழைய வடிவத்தின் மேல் புதியதை எழுதி மறைப்பதில்லை, யார் எப்போது என்ன சொன்னார் என்பதோடு இரண்டும் இருக்கும். குடும்பக் கதைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். தாத்தா சார்பில் மூன்றாவது வடிவம் ஒன்று இருந்திருக்கும். அது கிடைக்கப் போவதில்லை.

"போட்டோ எடுத்து வச்சுட்டு வித்துடுங்க, இடமாவது மிச்சமாகும்" என்று நண்பன் சொன்னான். அதற்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கு. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு நன்கொடைப் பிரசாரம் நடத்திப் பார்த்தார்கள், 2017இல் வெளிவந்த ஆய்வு. மனசுக்கு நெருக்கமான பொருளைப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்ட விடுதிகளில், சும்மா கொடுங்கள் என்று கேட்ட இடங்களைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகப் பொருட்கள் வந்தன. பொருளை விடுவதில் நமக்குப் பயம் நினைவை விடுவதுதான், போட்டோ அந்தப் பயத்தைக் குறைக்கிறது. எங்கள் ஷோகேஸின் யானைகளுக்கும் ஷீல்டுகளுக்கும் இதைத்தான் செய்தேன், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் போட்டோ எடுக்கிறவனுக்கு அந்த நினைவு ஏற்கெனவே இருக்கு. அவன் பிள்ளைக்கு அந்த போட்டோ வெறும் டீ பாட் போட்டோதான். சந்தையில் பார்த்த கல்யாண போட்டோ மாதிரி.

ஆகவே எழுதி வைக்கிறதுக்கு வருவோம். பொருளின் மேல் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகிக் கறை பிடிக்கும், எடுக்கும்போது தங்கப் பூச்சும் கூட வரும். ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டால் பேனா மை கசியும், பென்சில் கசியாது. மடித்துப் பொருளுக்குள்ளேயே போடுங்கள், தனி ஃபைலில் வைத்தால் ஃபைல் ஒரு வீட்டுக்கும் பொருள் ஒரு வீட்டுக்கும் போகும். அடி முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஆடியோ ஃபைலுக்குப் பெயர், தேதி போட்டு இரண்டு பேர் போனிலாவது வையுங்கள். பழைய டீ பாட்டைத் தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காதீர்கள். கைப்பிடி தனியாகச் செய்து ஒட்டியது, விட்டுப்போனால் அந்த இடத்தில்தான் விடும். அடியில் கை கொடுத்துத் தூக்கணும்.

கேத்தல் இப்போது 'நமக்கு' பெட்டியில் இருக்கு. டிவி யூனிட்டின் மேல் தட்டு 28 சென்டிமீட்டர் உயரம், மூடியோடு சேர்த்து அளந்துவிட்டேன், உள்ளே போகும். பீரோச் சாவியை வெளியே எடுத்தாச்சு. அதற்குப் பதிலாக உள்ளே போட்டிருக்கும் தாளில் எழுதியிருப்பது இது:

"கேத்தல். சுட்ட மண், இங்கிலாந்தில் செய்தது. அட்டன் பக்கத்துத் தோட்டத்துத் தொரை பங்களாவில் இருந்தது. 1973இல் ராமானுஜம் கப்பலில் அப்பாயியின் சேலைக்குள் சுற்றி வந்தது. அப்பாயி சொல்வது: சீட்டுப் பணத்தில் பதினாலு ரூபாய்க்கு வாங்கினேன். அத்தை சொல்வது: தொரைசாணி தாத்தாவுக்குக் கொடுத்தது, நான் பார்த்தேன். இரண்டு ஆடியோவும் அப்பா போனிலும் என் போனிலும் இருக்கின்றன. மூடியில் உள்ள விரிசல் பல்லாவரம் வந்த பிறகு விழுந்தது. யார் போட்டது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை."